லங்காவிக்கு எந்த வழி? முதலில் யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள்

"இந்த லீவுக்கு லங்காவி போகலாமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டால் போதும். முதல் பத்து நிமிடம் ஒரே உற்சாகம். அதன் பிறகு, "சரி, எப்படிப் போறது?" என்ற கேள்வி வரும். அதோடு குழு இரண்டாகப் பிரிந்துவிடும். மலிவு விமான டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பும் தம்பி ஒரு பக்கம். "கார்லயே போயிடலாம், வழியில சுங்கை பட்டாணி சித்தி வீட்டுல ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்" என்னும் மாமா இன்னொரு பக்கம். நடுவில் யாரும் கேட்காத ஒரு குரல்: "எனக்குப் படகுன்னா வாந்தி வரும்பா."

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள் நான். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளில் இந்தத் தீவு தவறாமல் வரும். எது மலிவு, எது வேகம் என்ற இரண்டைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "உங்க வீட்டுல யார் யார் வர்றாங்க?"

காரணம் எளிது. லங்காவிக்கான வழிகள் ஒன்றுக்கொன்று மேலோ கீழோ அல்ல. இருவர் போகும்போது நல்ல வழி, ஆறு பேர் போகும்போது மோசமான வழியாகிவிடலாம். முப்பது வயதுக்காரருக்குச் சுகமான பயணம், எழுபது வயதுக்காரரின் முழங்காலுக்குத் தண்டனையாகலாம். வழியைத் தேர்ந்தெடுப்பது என்றால், வீட்டில் யாருடைய சிரமத்தைக் குறைப்பது என்று முடிவு செய்வதுதான்.

வாசலிலிருந்து வாசல்வரை

லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 99 தீவுகள் கொண்ட கூட்டம் அது. 1987-இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டது. 2007-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா தகுதியைப் பெற்றது. பினாங்கைப் போல அங்கே பாலம் கிடையாது. ஆகாய வழி அல்லது கடல் வழி, இரண்டே வாசல்கள். ஆகாய வழியாக வந்தால் பாடாங் மாட்சிராட்டில் உள்ள விமான நிலையத்தில் இறங்குவீர்கள். கடல் வழியாக வந்தால் குவா நகரின் படகுத்துறையில் இறங்குவீர்கள்.

பெருநிலத்திலிருந்து ஃபெரி கிளம்பும் முக்கிய இடங்கள் இரண்டு. கோலா பெர்லிஸிலிருந்து ஏறினால் குவாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கோலா கெடாவிலிருந்து ஏறினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கோலா கெடா, அலோர்ஸ்டாருக்குப் பக்கம். கோலா பெர்லிஸ் இன்னும் வடக்கே. ஆக, சாலையில் மிச்சமாகும் நேரம் கடலில் செலவாகும். கடலில் மிச்சமாகும் நேரம் சாலையில் செலவாகும். கடல் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால், கோலா பெர்லிஸ் வரை போய்விடுவது நல்லது.

ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். விளம்பரத்தில் போடும் நேரத்தை அல்ல, வீட்டு வாசலைப் பூட்டியதிலிருந்து தங்கும் விடுதியின் சாவி கைக்கு வரும்வரை ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் சிப்பாங்கில் உள்ள விமான நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இறங்கியபின் பெட்டி வர அரை மணி. செனாங் கடற்கரைக்குப் போக இன்னொரு அரை மணி. மொத்தம் ஐந்து மணி நேரம்.

கார் என்றால் கோலாலம்பூரிலிருந்து கோலா பெர்லிஸுக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஓட்டம் ஐந்தரை, ஆறு மணி நேரம். சாப்பாடு, கழிப்பறை, காபி என்று ஒரு மணி நேரம். காரை நிறுத்தி, டிக்கெட் காட்டி, வரிசையில் நின்று ஏற ஒரு மணி நேரம். கடலில் ஒன்றேகால். குவாவிலிருந்து செனாங்குக்கு அரை மணி. கூட்டினால் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம். ரயிலும் ஃபெரியும் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

ஆக, விமானத்துக்கும் மற்ற வழிகளுக்கும் உண்மையான வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு உங்கள் குடும்பம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டு பேருக்கு ஒரு கணக்கு, ஆறு பேருக்கு ஒரு கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வழி விமான டிக்கெட் 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருவர் போய் வர நான்கு டிக்கெட், 360 வெள்ளி. ஆறு பேர் போய் வர பன்னிரண்டு டிக்கெட், 1,080 வெள்ளி.

இனி கார். உங்கள் வண்டி 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் என்றால், போக வர 1,000 கிலோமீட்டருக்கு 70 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று போட்டால் 140 வெள்ளி. டோலுக்குப் போக வர 100 வெள்ளி ஒதுக்கலாம். படகுத்துறைக்குப் பக்கத்தில் நான்கு நாள் காரை நிறுத்த ஒரு 40 வெள்ளி. இந்த 280 வெள்ளி, காரில் எத்தனை பேர் இருந்தாலும் மாறாது. ஆளுக்கு மாறுவது ஃபெரி மட்டும். ஒரு வழிக்கு 30 வெள்ளி என்று வைத்தால் இருவருக்கு 120, ஆறு பேருக்கு 360. ஆக மொத்தம் இருவருக்கு 400 வெள்ளி. ஆறு பேருக்கு 640 வெள்ளி.

பார்த்தீர்களா? இரண்டு பேருக்கு விமானமே மலிவு. ஆறு பேருக்குக் கார் மலிவு, அதுவும் 440 வெள்ளி வித்தியாசத்தில். இது சாதாரண நாள் கணக்கு. பள்ளி விடுமுறையில் அதே டிக்கெட் 250 வெள்ளிக்கு ஏறினால் ஆறு பேருக்கு 3,000 வெள்ளி. கார் கணக்கோ கிட்டத்தட்ட அதே 640-தான். கூட்டம் கூடக் கூட விமானக் கட்டணம் ஏறும். பெட்ரோலும் டோலும் அப்படி ஏறுவதில்லை. எண்கள் உங்களுக்கு மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. டிக்கெட் வாங்கும் நாளில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

விமானக் கணக்கில் பெட்டியைச் சேர்க்க மறக்காதீர்கள். மலிவு டிக்கெட்டில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் விடுவார்கள். போகும்போது அது போதும். வரும்போது? குவா கடைகளில் சாக்லெட்டோடு நிற்பவர்கள் குறைவு. கண்ணாடிக் கிண்ணம், பீங்கான் தட்டு, சட்டி, பானை என்று நம் வீட்டுப் பெண்கள் ஒரு சமையலறையையே வாங்குவார்கள். தட்டில் மிச்சம் பிடித்த காசு பெட்டிக் கட்டணத்தில் போய்விடும். ஃபெரியில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் அந்தச் சட்டி பானையைப் படகுத்துறையின் நீண்ட நடைபாதையில் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

காரில் போகிறவர்களுக்கு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நமக்குப் பழகிய பாதை. தாப்பா, சுங்கை பேராக், குருண் என்று ஓய்வுப் பகுதிகள் வரிசையாக உண்டு. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனால் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

காரின் உண்மையான லாபம் பணம் அல்ல, நின்று போகும் சுதந்திரம். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் சொந்தம் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஓர் இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை ஃபெரி பிடித்தால் ஒன்பது மணி நேரப் பயணம் இரண்டாக உடையும். குழந்தைகளும் அழமாட்டார்கள், ஓட்டுபவருக்கும் கண் எரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் பக்கம் திரும்பினால் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே தொல்பொருள் அருங்காட்சியகமும், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளமும் உள்ளன. கெடாவைத்தான் பழைய தமிழில் கடாரம் என்றார்கள். ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு பற்றிய தஞ்சைக் கல்வெட்டில் கடாரத்தின் பெயர் வருகிறது. பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர் நிற்கும் மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போகலாம். விமானத்தில் பறக்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவரே 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அடித்துப்பிடித்து ஃபெரி ஏறி, மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே 500 கிலோமீட்டர் ஓட்டினால் அவருக்கு அது விடுமுறை இல்லை, வேலை. திரும்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

சிலர் காரையே தீவுக்குக் கொண்டுபோக விரும்புவார்கள். கோலா பெர்லிஸிலிருந்து கார் ஏற்றும் கப்பல் உண்டு. பயணிகள் ஃபெரியைவிட அது மெதுவானது, நாளுக்குச் சில நடைகள்தான், முன்பதிவு கட்டாயம். கைக்குழந்தை, சக்கர நாற்காலி, நிறைய மூட்டை முடிச்சு உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு முறை ஏற்றினால் விடுதி வாசலில்தான் இறக்குவீர்கள். இரண்டு மூன்று நாள் மட்டும் தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணத்தில் தீவிலேயே கார் வாடகைக்கு எடுத்துவிடலாம். காரின் பதிவு ஆவணங்களைக் கையோடு வைத்திருங்கள். தீவில் 'கேவி' என்று தொடங்கும் எண் பலகைகள் நிறைய தெரியும். அவை லங்காவி வண்டிகள். வரியில்லாமல் வாங்கியவை என்பதால் அவற்றை நினைத்தபோது பெருநிலத்துக்குக் கொண்டுவர முடியாது.

எந்த வழியில் போனாலும் தீவில் ஒரு வண்டி தேவை என்பதை முதலிலேயே செலவில் எழுதிவிடுங்கள். அங்கே பொதுப் பேருந்தை நம்பித் திட்டம் போட முடியாது. குவா ஒரு மூலை, செனாங் ஒரு மூலை, கேபிள் கார் ஏறும் மாச்சிஞ்சாங் மலை இன்னொரு மூலை.

ரயிலும் பேருந்தும்

2015-இல் இடிஎஸ் மின்ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து லங்காவிக்கு இன்னொரு நல்ல வழி கிடைத்தது. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் அலோர்ஸ்டார், அல்லது இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆராவ். அலோர்ஸ்டாரில் இறங்கினால் கோலா கெடாவுக்கும், ஆராவில் இறங்கினால் கோலா பெர்லிஸுக்கும் அரை மணி நேர வாடகைக் கார் பயணம்.

ரயிலில் எழுந்து நடக்கலாம். கழிப்பறை உண்டு. வயதானவர்களுக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். நெடுஞ்சாலையில் "அடுத்த ஓய்வுப் பகுதி எப்போ வரும்?" என்று கேட்கத் தயங்கி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பாட்டிகளை எனக்குத் தெரியும். மூத்த குடிமக்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணச் சலுகையும் உண்டு. குறை ஒன்றுதான்: விடுமுறைக்கால டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். விற்பனை திறக்கும் நாளைக் கேடிஎம் செயலியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து இளைஞர்களுக்கான வழி. பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இரவு ஏறினால் விடியும்போது கோலா பெர்லிஸ். முதல் ஃபெரியில் தீவுக்குப் போய்விடலாம். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். இரண்டு மூன்று நண்பர்கள், தோளில் ஒரு பை என்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையோடு போகும் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். விடிகாலையில் படகுத்துறையில் தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தையைத் தேற்றுவது சுலபமில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

போன ஆண்டு இறுதி விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் போனோம். அப்பா, அம்மா, என் கணவர், நான், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். மேலே போட்ட கணக்குப்படி கார்தான் மலிவு. அப்பாவும் அதையே சொன்னார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு.

அப்பா முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். கிள்ளானிலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிப் போவார். 1994-இல் நெடுஞ்சாலை முழுவதும் திறப்பதற்கு முன்பு பழைய சாலையில் இரவெல்லாம் ஓட்டிய கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எழுபத்தோரு வயது. இரண்டு கண்களிலும் புரை அறுவை முடிந்து ஓராண்டாகிறது. "பகல்ல, பக்கத்துல ஓட்டுங்க. நெடுந்தூரம், ராத்திரி வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் ஓட்டாத ரோடாம்மா அது? மாப்பிள்ளை ஈப்போ வரைக்கும் ஓட்டட்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார் அப்பா.

யாரும் பதில் பேசவில்லை. அம்மாதான் மெதுவாக, "என்னங்க, எனக்கு முழங்கால மடக்கி அவ்வளவு நேரம் உட்கார முடியாதுங்க" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவர் அதைச் சொன்னது அப்பாவுக்காக என்று எனக்குப் புரிந்தது. "உங்களால் முடியாது" என்று சொல்லாமல் "என்னால் முடியாது" என்று சொல்லி, அப்பாவின் கையிலிருந்து சாவியை வாங்கினார்.

நான் ஒரு தாளை எடுத்து ஆறு பேரின் பெயரையும் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருக்கு எது கஷ்டம் என்று எழுதினேன். அம்மாவுக்கு நெடுநேரம் உட்காருவது. அப்பாவுக்குச் சும்மா உட்காருவது. கணவருக்குத் திரும்பி வந்த மறுநாளே காலை வேலை. மகளுக்குக் கடல் பயணம். மகனுக்கு எதுவுமில்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பசி. எனக்குச் செலவு.

அந்தத் தாள்தான் முடிவு சொன்னது. போகும்போது ரயிலும் ஃபெரியும். திரும்பும்போது விமானம். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. புறப்படும் நாளில் எல்லோருக்கும் தெம்பு இருக்கும், பத்து மணி நேரத்தைத் தாங்கலாம். திரும்பும் நாளில் களைப்பு, வெயில், அழுக்குத் துணி, மறுநாள் வேலை. அங்கேதான் அந்த ஐந்து மணி நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் என்பதால் செலவும் கையைக் கடிக்கவில்லை. அம்மாவுக்கு விமான நிலையச் சக்கர நாற்காலியை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துவிட்டோம்.

ரயிலில் அப்பா முதல் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. ஈப்போ தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். பாடாங் ரெங்காஸ் அருகே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான பெராபிட் சுரங்கத்தில் ரயில் நுழைந்தபோது மகன் காதைப் பொத்திக்கொண்டான். வெளியே வந்து தைப்பிங் தாண்டி, புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ரயில் போனபோது அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "முப்பது வருஷம் இந்தப் பக்கம் போயிருக்கேன், இந்த ஏரிய இப்படிப் பார்த்ததில்லை" என்றார். லோரி ஓட்டுபவர் சாலையைத்தானே பார்க்க வேண்டும்.

சுங்கை பட்டாணிக்குப் பிறகு இடதுபக்கம் ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர். நெல் வயல்களுக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கும் மலை அது. கடலில் வரும் பழங்காலக் கப்பல்களுக்கு இதுதான் அடையாளம் என்று அப்பா பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆராவ் வருவதற்குள் அவள் தாத்தாவின் பழைய பாதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தாள்.

தீவில் இறங்கியதும் வாடகைக் காரின் சாவியைக் கணவர் அப்பாவிடம் நீட்டினார். "மாமா, இங்க நீங்கதான்." பகல், அகலமான சாலை, நெரிசல் இல்லை, குவாவிலிருந்து செனாங்குக்கு அரை மணி நேர ஓட்டம். டாக்டர் சொன்ன "பகல்ல, பக்கத்துல" அங்கே அப்படியே பொருந்தியது. மூன்று நாளும் பகலில் அப்பாதான் ஓட்டினார். சாலையோரம் குரங்கு தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, பேரனுக்குக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்.

கடலில் ஏறும் முன்

ஃபெரியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரவில் பயணிகள் ஃபெரி கிடையாது. மாலை கடைசிப் படகை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அதற்கு முந்திய படகுக்கு டிக்கெட் எடுங்கள். ரயிலோ நெடுஞ்சாலையோ தாமதமானால் கையில் இன்னொரு வாய்ப்பு இருக்கும். கரையோரத்தில் தண்ணீர் மிகவும் வற்றும் நாட்களில் படகு நேரம் மாறுவதும் உண்டு. புறப்படும் முன்தினம் ஒரு முறை சரிபாருங்கள். பெரியவர்களின் அடையாள அட்டையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையும் கையில் இருக்கட்டும்.

உள்ளே மூடிய அறை, குளிர்சாதனம் நடுங்க வைக்கும். பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் படகின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்காரட்டும். முன்பகுதியில்தான் ஆட்டம் அதிகம். மருந்தகத்தில் ஆலோசனை கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

பருவத்தையும் பாருங்கள். ஆண்டு இறுதியில் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் கடல் கொந்தளிக்கும். பல விடுதிகள் மூடிவிடும். லங்காவி மேற்குக் கரையில் இருப்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த மாதங்களில் போகிறவர்கள், குறிப்பாகச் சிறு பிள்ளைகள் இருந்தால், கடலைத் தவிர்த்து விமானத்தை யோசிக்கலாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. சாங்கியிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காரில் வந்தால் ஜோகூர் பாரு தொடங்கிக் கோலா பெர்லிஸ் வரை 800 கிலோமீட்டருக்கு மேல்; சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு விஇபி அனுமதியும் வேண்டும். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ உறவினர் வீட்டில் ஓரிரு நாள் தங்கிப் போவதாக இருந்தால் மட்டுமே சாலை வழி பொருந்தும்.

ஆக, இருவர் மட்டும், விடுமுறை குறைவு என்றால் விமானம். நாலைந்து பேர், ஓட்ட இருவர், வழியில் சொந்தங்கள் என்றால் கார். வயதானவர்கள் உண்டு, நேரம் உண்டு என்றால் ரயில். மாணவர்கள் என்றால் இரவுப் பேருந்து. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லையா? போக ஒரு வழி, வர ஒரு வழி என்று கலந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் பக்கத்தைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளை மட்டும் எழுதிவிடுங்கள். வருபவர்களின் பெயர், எதிரே அவர்களுக்கு எது கஷ்டம். நீங்களாக ஊகித்து எழுதாமல் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் "எனக்கு எதுன்னாலும் சரிம்மா" என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னொரு முறை கேளுங்கள்.